மீன் படம் போட்ட கட்டை

என் வீட்டுக்காரர் மூன்று மாதமாக ஒரு பட்டியல் எழுதிக்கொண்டிருந்தார். ரிட்டயர் ஆன மனிதர் பட்டியல் போட்டால் அதில் பாத்ரூம் குழாய், ஜன்னலுக்குப் பெயிண்ட் என்று ஏதாவது உருப்படியாக இருக்க வேண்டும். இவருடையதில் கேம் ஷாஃப்ட், ஹெடர், ஃப்ளைவீல், டிஃபரென்ஷியல் என்று இருந்தது. ஒவ்வொன்றுக்கும் எதிரே மூன்று கம்பெனியின் பெயர், அதற்கும் எதிரே ஒரு கேள்விக்குறி. சாப்பிடும்போதுகூட அந்த நோட்டு தட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கும்.

எல்லாம் காருக்கு மாட்டுகிற சாமான். கார் என்றால் குடும்பம் ஏறிப் போகிற கார் இல்லை. இரண்டே கதவு, முன்னால் நீளமான மூக்கு, பின்சக்கரம் தள்ளுகிற வண்டி. டர்போ கிர்போ எதுவும் கிடையாது. எஞ்சின் தானாக மூச்சை இழுத்துத்தான் ஓட வேண்டும். இவர் இருபத்துநாலு வயதில் ஆசைப்பட்டு வாங்கியது. பின்சீட்டு என்று ஒன்று பேருக்கு இருக்கிறது, அதில் ஒரு பெரிய பையை வைத்தால் சின்னப் பைக்கு இடமிருக்காது.

"மேல மூச்சு பத்தலைம்மா," என்றார் ஒரு நாள் சாப்பாட்டில். "எஞ்சின் நிமிஷத்துக்கு நாலாயிரம் சுத்து வரைக்கும் ஜோரா இழுக்குது. அதுக்கு மேல போனா சோர்ந்துடுது. கேம் மாத்திப் பாக்கலாமா?"

"எனக்கென்ன தெரியும். மாத்துங்க."

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேம் ஷாஃப்ட்டுக்கு எதிரே இன்னொரு கேள்விக்குறி போட்டார்.

எனக்குத் தெரியும். இந்த உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும் என்று இருபத்தாறு வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன். வண்டிக்கு ஒரு குறையும் இல்லை. ஆக்ஸிலரேட்டர் பெடலுக்குக் கீழே, தரைவிரிப்புக்கு அடியில், ஒரு மரக்கட்டை இருக்கிறது. அதனால் பெடல் முழுசாகக் கீழே போகாது. பெடல் போகாவிட்டால் எஞ்சினுக்கு முழு மூச்சும் கிடைக்காது. அதை வைத்தவள் நான்.

நான் கார் சீட்டுக்கு உறை தைக்கிறவள். இவரை முதலில் பார்த்ததே கிழிந்த டிரைவர் சீட்டோடுதான். கடைவாசலில் நின்று, "கறுப்பு நூல் வேணாம், பழுப்பு நூல்ல தைங்க," என்று எனக்கே பாடம் எடுத்தார். திட்டி அனுப்பினேன். மறுவாரம் பக்கத்து சீட்டையும் கொண்டுவந்தார், அதில் ஒரு கிழிசலும் இல்லை. அதற்குப் பிறகு தெருமுனையில் திரும்பும்போதே எஞ்சினை ஆறாயிரம் சுற்றுக்கு ஏற்றுவார். அடியில் கரகரவென்று ஆரம்பித்து, மேலே போகப் போகக் கூர்மையாகி, உச்சியில் ஒரு கணம் கத்தி நிற்கும் அந்தச் சத்தம். அது கேட்டதும் என் கை தானாக முடியை ஒதுக்கிக்கொள்ளும். மானம் கெட்ட கை. பக்கத்து மெஷினில் தைக்கிற அக்கா சிரிப்பாள்.

கல்யாணம் ஆயிற்று, மகள் பிறந்தாள். அவளுக்கு மூன்று மாதம் இருக்கும்போது தடுப்பூசி போட்டுவிட்டுத் திரும்பி வந்தோம். மழை பெய்து விட்டிருந்தது. ஒரு வளைவில் இவர் காலை அழுத்த, வண்டியின் பின்பக்கம் வழுக்கிக்கொண்டு சாலையின் அந்த ஓரத்துக்குப் போயிற்று. ஸ்டியரிங்கை இப்படியும் அப்படியும் திருப்பி நேராக்கிவிட்டார். "புடிச்சுட்டேன் பாத்தியா," என்று சிரித்தார். நான் குழந்தையை மார்போடு இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வீட்டுக்கு வந்து பிடிபிடி என்று பிடித்தேன். இனிமேல் மெதுவாகப் போகிறேன் என்றார். நாலு நாள் போனார்.

ஐந்தாம் நாள் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு கேரேஜுக்குப் போனேன். பெடலுக்கும் தரைக்கும் உள்ள இடைவெளியை அளந்தேன். குழந்தைக்கு யாரோ பரிசாகக் கொடுத்த பன்னிரண்டு மரக்கட்டைகளில் மீன் படம் போட்டது சரியாக இருந்தது. விரிப்பின் ஓரத்தைப் பிரித்து, கட்டையை அடியில் வைத்து, திரும்பத் தைத்தேன். அரைமணி நேர வேலை. வெட்கமாகக்கூட இல்லை அன்றைக்கு.

வெட்கம் பிறகு வந்தது. இவருக்கு நெட்டை என்று ஒரு சிநேகிதர் உண்டு. ஞாயிற்றுக்கிழமை காலையில் இருவரும் பழைய விமான ஓடுதளத்தில் வண்டியை ஓட்டிப் பார்ப்பார்கள், யார் முந்துவது என்று. அதுவரை நெட்டை ஒரு தடவைகூட ஜெயித்ததில்லை. கட்டை வைத்த பிறகு நெட்டை தோற்றதில்லை. ஒவ்வொரு ஞாயிறும் இவர் தொங்கிய முகத்தோடு வருவார். "வண்டி சரியாத்தான் இருக்கு. எனக்குத்தான் பழைய தைரியம் இல்ல போல," என்பார். ஒரு வருடத்தில் போவதையே நிறுத்திவிட்டார். எத்தனையோ தடவை சொல்லிவிட வாயெடுத்திருக்கிறேன். குழந்தை பள்ளிக்கூடம் போகட்டும் என்று தள்ளிப்போட்டேன். பிறகு அவளே அந்த வண்டியில் ஓட்டப் பழகினாள், அப்போது சொல்வேனா? இப்படியே வருடம் ஓடிவிட்டது. புருஷனை அவர் கண்ணிலேயே கோழையாக்கிவிட்டு பக்கத்தில் உட்கார்ந்து சாப்பாடு பரிமாறிக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

போன செவ்வாய்க்கிழமை டைனோக்காரர் வீட்டுக்கு வந்தார். வண்டியை உருளை மேல் ஏற்றி நின்ற இடத்திலேயே ஓடவிட்டு, எஞ்சினின் பலத்தை அளந்து சொல்கிறவர். பட்டியலைப் படித்துத் தலையை ஆட்டினார்.

"எல்லாம் நல்ல சாமான்தான் சார். ஆனா எதையும் வாங்காதீங்க. சனிக்கிழமை கொண்டு வாங்க, முதல்ல பெடல் முழுசா போகுதா, கேபிள் முழுசா இழுக்குதான்னு பாத்துட்டுத்தான் மத்தது."

இவர் என் பக்கம் திரும்பினார். "என்னம்மா, சனிக்கிழமை போகலாமா?"

"உங்க வண்டி, உங்க இஷ்டம்," என்று சொல்லிவிட்டு உள்ளே போய் பாத்திரத்தைப் போட்டு உருட்டினேன்.

குட்டு வெளிப்படுவதற்குள் கட்டையை எடுத்துவிட வேண்டும். வியாழக்கிழமை மதியம் இவர் தூங்கப் போனதும், தையல் பிரிக்கிற கத்தியோடு கேரேஜுக்குப் போனேன். டிரைவர் பக்கம் மண்டியிட்டு விரிப்பின் ஓரத்தைத் தடவினேன். கத்தியை வைக்கப் போனவள் அப்படியே நின்றுவிட்டேன்.

அது என் தையல் இல்லை.

என் தையல் எனக்குத் தெரியாதா? நான் பழுப்பு நூலில் தைத்தேன், இது கறுப்பு நைலான். என் முடிச்சு உள்ளே போயிருக்கும், கண்ணில் படாது. இதில் முடிச்சு வெளியே பட்டாணி அளவுக்குத் துருத்திக்கொண்டிருந்தது. ஒரு தையல் நீளம், ஒரு தையல் குட்டை. ஊசி பிடிக்கத் தெரியாத கை, ரொம்பக் கஷ்டப்பட்டுத் தைத்திருந்தது. நூலெல்லாம் வெளுத்துப் போய் வருடக்கணக்கான அழுக்கு ஏறியிருந்தது.

பிரித்தேன். உள்ளே மரக்கட்டை இல்லை. அதே உயரத்தில் ஓர் அலுமினியத் துண்டு, ஓரமெல்லாம் அரம் போட்டு வழவழப்பாக்கி, இரண்டு ஸ்க்ரூ போட்டுத் தரையோடு முடுக்கியிருந்தது. இவர் முப்பது வருடம் வேலை பார்த்தது தொழிற்சாலையில் கருவிகள் செய்கிற டூல் ரூமில்.

"ஸ்டார் ஸ்க்ரூடிரைவர் வேணும் அதுக்கு," என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

கையும் களவுமாக மாட்டிக்கொண்டது நானா அவரா என்று புரியவில்லை. எழுந்தேன். கதவருகே நின்றுகொண்டிருந்தார், தூங்கிய முகமாகவே இல்லை.

"எப்ப தெரியும்?"

"வெச்ச ஒரு மாசத்துல. பெடலுக்குக் கீழ கட்டை ஆட ஆரம்பிச்சுது. அது நகர்ந்து பிரேக்குக்கு அடியில போயிருந்தா நாம மூணு பேரும் போயிருப்போம்மா. அதான் நல்லதா ஒண்ணு செஞ்சு போட்டேன்."

"எடுத்துத் தூரப் போட்டிருக்கலாமே. என்னை நாலு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"கேட்டிருந்தா நீ எடுத்திருப்ப. நானும் மெதுவாப் போறேன்னு சத்தியம் பண்ணியிருப்பேன். அந்தச் சத்தியம் எத்தனை நாள் தாங்கும்னு நம்ம ரெண்டு பேருக்கும் தெரியும்."

"நெட்டைகிட்ட தோத்தீங்களே. தைரியம் போயிடுச்சுன்னு என்கிட்டயே சொன்னீங்களே. நான் எத்தனை ராத்திரி தூங்காம கிடந்தேன் தெரியுமா? பாவின்னு என்னை நானே திட்டிக்கிட்டு."

"அது தப்புதான். எனக்குத் தெரியும்னு காட்டிக்காம வேற என்ன காரணம் சொல்றதுன்னு தெரியல."

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. இந்த மனிதரை அடிப்பதா, கட்டிக்கொள்வதா? இரண்டும் செய்யாமல் அழுதேன். பிரித்த நூல் கையில் சுற்றிக்கொண்டிருந்தது.

"அப்ப இந்தப் பட்டியல்? கேம், ஹெடர், மூச்சு பத்தல, எல்லாம் என்ன நாடகம்?"

"நம்ம பொண்ணு வேலை கிடைச்சு வேற ஊருக்குப் போய் மூணு மாசம் ஆச்சு. இனிமே எடுக்கலாமான்னு உன்கிட்ட நேரா கேக்க வாய் வரல. நீ வெச்சது. நீ சொல்லாம எப்படி எடுக்கறது? மூச்சு பத்தலைன்னா நீயே சொல்லுவேன்னு பாத்தேன். நீ, கேம் மாத்துங்கன்னுட்ட. ஹெடர்னேன், போடுங்கன்ன. நாலஞ்சு பக்கம் எழுதிட்டேன்." நோட்டை நீட்டினார். பிறகு சட்டைப்பையிலிருந்து மீன் படம் போட்ட கட்டையை எடுத்து என் கையில் வைத்தார். ஒரு பக்கம் பெடல் பட்டு நசுங்கியிருந்தது. மகள் சின்ன வயதில் இது காணாமல் அழுதபோது, சோபாவைப் புரட்டிப் புரட்டித் தேடியவர் இவர்தான்.

ஸ்க்ரூடிரைவரை வாங்கி நானே கழற்றினேன். ஒரு ஸ்க்ரூ துருப்பிடித்துப் படுத்தியது. அவர் உதவிக்கு வந்தார், தள்ளிவிட்டேன்.

"கிளம்புங்க," என்றேன்.

ஓடுதளத்தில் இப்போது யாரும் இல்லை. காங்கிரீட் பிளவுகளில் புல் முளைத்திருந்தது. வண்டியை ஒரு கோடியில் நிறுத்தி நேராக்கி, கிளப்பினார். முதல் கியர், இரண்டாவது. மூவாயிரம், நாலாயிரம். அங்கேயே நின்றுவிட்டது. அதே சோர்வு. எஞ்சின் நிஜமாகவே போய்விட்டதா? குனிந்து பார்த்தேன். பெடலுக்குக் கீழே இரண்டு விரல் இடம் சும்மா இருந்தது. கட்டை இருந்த உயரத்திலேயே இவருடைய கால் நின்றுகொண்டிருந்தது.

"மிதிங்க," என்றேன்.

"மிதிச்சிட்டேனே."

"இல்ல. இன்னும் போகும்."

அவரும் குனிந்து தன் காலைப் பார்த்துக்கொண்டார். "போக மாட்டேங்குதும்மா," என்றார். அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

என் கையை நீட்டி அவர் முழங்காலில் வைத்தேன். தரை வரைக்கும் அழுத்தினேன்.

ஐயாயிரம். கரகரப்பு கூர்மையாகிக்கொண்டே போயிற்று. முதுகு சீட்டோடு ஒட்டியது. ஆறாயிரத்தில் அந்தச் சத்தம் வந்தது, எங்கள் கடைத் தெருமுனையில் கேட்ட அதே சத்தம். இத்தனை வருடம் அதை அவருக்கு மட்டும்தான் இல்லாமல் செய்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவர் என் பக்கம் திரும்பிச் சிரித்தார். அப்போதுதான் கவனித்தேன், என் இன்னொரு கை முடியை ஒதுக்கிக்கொண்டிருந்தது.