பாதிக் கையெழுத்து

அழகு நிலையத்தின் பின்பக்க மூலையில், துண்டுகள் அடுக்கிய அலமாரிக்கு மேலே, அந்த இணையப் பெட்டி சுவரில் தொங்கியது. அவன் ஏணியில் ஏறி மூடியின் ஓரத்தைப் பார்த்தான். வெள்ளி நிற முத்திரை கிழியாமல் இருந்தது. அதன் மேல் அவன் மனைவியின் கையெழுத்து.

இருவருக்கும் ஒரே நிறுவனத்தில்தான் வேலை. அவள் வீடு வீடாக, கடை கடையாகப் புது இணைப்பு கொடுப்பவள். அவன் பழுது பார்ப்பவன். பெட்டியை மூடி முத்திரை ஒட்டியதும், பாதி முத்திரையிலும் பாதி மூடியிலும் விழும்படி கையெழுத்துப் போடவேண்டும் என்பது அங்கே வழக்கம். யாராவது திறந்து மூடினால் கோடு கோட்டோடு சேராது. கை வைத்தது தெரிந்துவிடும்.

அவள் போன வருடம் இறந்துபோனாள். வீட்டில் அவள் கைப்பட எழுதியது என்று எதுவும் இல்லை. எல்லாவற்றையும் போனில்தான் தட்டுவாள். வாடிக்கையாளர் இடங்களில் இருக்கும் பெட்டிகளில் கண்டவர்களும் கை வைக்கிறார்கள், பழைய முத்திரைகளை எடுத்துவிட்டுப் புதிது ஒட்டி, இரும்புக் கூடு போட்டுப் பூட்டுங்கள் என்று நிறுவனம் சொன்னபோது, அவள் வேலை பார்த்த பகுதியை அவன் கேட்டு வாங்கிக்கொண்டான். போன இடமெல்லாம் ஏமாற்றம். ஒன்றைக் கத்தியால் சுரண்டியிருந்தார்கள், ஒன்றின் மேல் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். முழுசாக இருந்தது இது ஒன்றுதான். பட்டியலில் இதற்கப்புறம் அவள் ஒட்டியது இல்லை. இதை உரித்து வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும்.

"என்ன தம்பி, ஏறின ஆள் அங்கேயே குடியேறிட்டீங்களா?" என்றாள் பார்லர்க்காரம்மா. வாடிக்கை யாரும் இல்லாத நேரம். சீப்புகளை ஒவ்வொன்றாக வாளித் தண்ணீரில் அலசிக்கொண்டிருந்தாள்.

"இதை யாரும் தொடலையாக்கா?"

"தொடறதுக்குத்தான் எங்க வீட்டுல ஒருத்தன் இருக்கானே, என் கொழுந்தன். நெட்டு கொஞ்சம் மெதுவாப் போனாப் போதும், குண்டூசியைத் தூக்கிட்டு வந்துடுவான். ஓட்டைன்னு ஒண்ணு தெரிஞ்சா அவனுக்குக் குத்தணும். இதை மாட்டின பொண்ணு, 'எவனாவது கை வச்சா விரலை ஒடிச்சிடுவேன்னு சொல்லுங்கக்கா'ன்னு சொல்லிட்டுப் போனா. நானும் அதையே சொல்லி அவனை விரட்டிட்டு இருக்கேன்."

அவன் நகத்தால் முத்திரையின் முனையை நெருடிப் பார்த்தான். அசையவில்லை. அழுத்தி ஒட்டியிருந்தாள்.

"அக்கா, அந்த ஹேர் டிரையரைக் கொஞ்சம் குடுங்களேன்."

"ஏன், பெட்டிக்குத் தலை ஈரமா இருக்கா?" என்று சொல்லிக்கொண்டே எடுத்து நீட்டினாள்.

சூடு காட்டி முத்திரையை எடுப்பது திருடன் வேலை. வேலைக்குப் புதிதாகச் சேருகிறவர்களுக்கு அவனே அதைச் சொல்லித் தருவான். அந்த வேலை பலிக்கக்கூடாது என்றுதான், சூடு பட்டால் ஏடு ஏடாகப் பிரியும்படி முத்திரையைச் செய்கிறார்கள். எல்லாம் தெரியும். ஆனாலும் அவள் ஒட்டியதாயிற்றே, தனக்காகக் கொஞ்சம் விட்டுக்கொடுக்காதா என்று ஒரு நப்பாசை.

விட்டுக்கொடுக்கவில்லை. முனை லேசாக எழும்பியது. அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுத்தான். வெள்ளிப் பூச்சு பொடிப்பொடியாக உதிர்ந்தது. அடியில் சின்னச் சின்ன எழுத்துகள் வரிசையாக எழும்பின. செல்லாது, செல்லாது, செல்லாது. கையோடு வந்தது வெறும் சருகு. அதில் ஒரு கோடுகூட இல்லை.

மூடியில் மட்டும் மீதிப் பாதி நின்றது. கடைசி எழுத்தின் வால், நீளமாக.

பழைய மையை ஸ்பிரிட்டால் துடைத்து, சுத்தமான மூடியைப் படமெடுத்து அனுப்பிவிட்டுத்தான் புது முத்திரை ஒட்டவேண்டும். அவன் துணியை நனைத்தான். கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தான். பிறகு அதைப் பைக்குள் திணித்துவிட்டு, மூடியை இருந்தபடியே படமெடுத்து அனுப்பினான்.

உடனே மேற்பார்வையாளர் கூப்பிட்டார். அவன் போனை ஏணியின் மேல் படியில் வைத்து ஒலிபெருக்கியைப் போட்டான்.

"என்னப்பா, பழைய மை அப்படியே இருக்கு? துடைச்சிட்டு அனுப்பு."

"அழியலை சார்."

"ஸ்பிரிட்ல அழியாத மை எந்தக் கடையில விக்குது? சொல்லு, நானும் வாங்கறேன்."

அவன் துணி திணித்த பையைப் பார்த்தான். அந்தப் பக்கம் அவர் படத்தை இன்னொரு தடவை பார்த்திருக்க வேண்டும்.

"அவ கையெழுத்தா அது?"

"ஆமா சார்."

"சரி. படம் சரியா இருக்குன்னு போட்டுக்கறேன். பூட்டிட்டு வா."

அவன் புது முத்திரையை எதிர் ஓரத்தில் ஒட்டித் தன் கையெழுத்தைப் போட்டான். இரும்புக் கூட்டைச் சுவரோடு முடுக்கிப் பூட்டைத் தொங்கவிட்டான். கூட்டில் காற்றுப் போக இருந்த துளைகள் வழியாகப் பெட்டியின் விளக்குகள்தான் தெரிந்தன.

இறங்கியபோது பார்லர்க்காரம்மா சீப்பும் கையுமாக நின்றாள்.

"யாரு தம்பி? அந்தப் பொண்ணா?"

"என் வீட்டுக்காரி. போன வருஷம் தவறிட்டா."

அவள் சுழல் நாற்காலியில் உட்கார்ந்தாள். "இதே ஏணியிலதானே நின்னு பேசிட்டு இருந்தா," என்றாள்.

அவன் ஏணியை மடக்கினான். சுவரில் சாய்த்தான். பையைத் தோளில் மாட்டியவன் போகாமல் நின்றான்.

"வேற என்ன சொன்னாக்கா?"

"என்னது?"

"விரலை ஒடிப்பேன்னு சொன்னாளே. அதைத் தவிர."

அவள் யோசித்தாள். அவசரப்படவில்லை. "இறங்கி வந்து இந்தக் கண்ணாடி முன்னாடி நின்னா. பின்னலைத் தூக்கி மடிச்சுப் பிடிச்சுக்கிட்டு, 'குட்டையா வெட்டினா எனக்கு எடுப்பா இருக்குமாக்கா'ன்னா. உட்காரு, இப்பவே வெட்டி விடறேன்னேன். வேண்டாம், அவருக்குப் பிடிக்காதுன்னுட்டுப் போயிட்டா."

"நான் அப்படிச் சொன்னதே இல்லையே."

"அவ கேட்டிருப்பா. நீங்க போனைப் பாத்துக்கிட்டே 'ம்'னு சொல்லியிருப்பீங்க."

இருக்கலாம். அவனுக்கு நினைவில்லை. அவன் கண்ணாடியைப் பார்த்தான். அதில் அவனும், வாளியும், தொங்கும் துண்டுகளும் இருந்தன.

"எவ்வளவு குட்டையா?"

பார்லர்க்காரம்மா எழுந்து வந்து கண்ணாடி முன் நின்றாள். தன் தாடைக்குக் கீழே உள்ளங்கையைப் படுக்கையாக வைத்துக் காட்டினாள்.

"இவ்வளவு."

"காது தெரியுமா?"

"ஒரு காது தெரியும். இந்தப் பக்கம் ஒதுக்கி விட்டா."

அவன் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். அவளும் கையை இறக்கவில்லை.