துறைமுகத் தெருவின் கோடி

குஷாதாசி கப்பல் துறையில் வேனை விட்டு இறங்கும்போதே ஷெங்குலின் தொலைபேசி அடித்தது. பயண நிறுவனத்து முதலாளி துன்ஜாய்.

"அக்கா, தொண்டை எப்படி இருக்கு?"

"உன்கிட்டப் பேசிக்கிட்டுதானே இருக்கேன்."

"இல்ல, நம்ம சின்ன கைடு பெர்காய் இன்னைக்குச் சும்மாதான் இருக்கான். வேணும்னா அவனையும் துணைக்கு அனுப்பட்டுமா? இல்லாட்டி அந்த மைக்கையாவது எடுத்துக்கோங்க."

"வரது ரெண்டே பேர்டா. ரெண்டு பேருக்கு மைக் வச்சுப் பேசினா சிரிப்பாங்க."

அழைப்பைத் துண்டித்துவிட்டுத் தொண்டையை லேசாகத் தடவிக்கொண்டாள். கழுத்துத் துணிக்குள் தழும்பு இன்னும் சொரசொரப்பாக இருந்தது. தைராய்டு அறுவை சிகிச்சை முடிந்து ஆறு மாதம். கட்டியை எடுத்தாயிற்று, ஆபத்து எதுவும் இல்லை. ஆனால் குரலுக்குப் போகிற நரம்பு ஒன்று அடிபட்டுவிட்டது. இனிமேல் இதுதான் உங்கள் குரல், பார்த்துச் செலவு செய்யுங்கள் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். இருபத்தெட்டு வருடம் எபேசு என்கிற பழைய நகரத்தின் இடிந்த கற்களுக்கு நடுவில் நாற்பது பேர் சுற்றுலாக் கூட்டத்தைக் கட்டி மேய்த்த குரல் அது. இப்போது யாரோ ஒரு ஆண்பிள்ளை பக்கத்து அறையில் பேசுவதுபோலக் கரகரவென்று, அடியிலிருந்து வந்தது. ஒரு மணி நேரம் தொடர்ந்து பேசினால் அதுவும் உடைந்தது. இன்றைக்கு ஒரு புகார் வந்தாலும் போதும், அலுவலகத்தில் அவளுக்காக ஒரு மேசை காத்திருக்கிறது என்பதை துன்ஜாய் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை.

விருந்தினர்கள் ராட்டர்டாமிலிருந்து வந்த டச்சுத் தம்பதி. மனைவி ரியா உருண்டையாக, சிரித்த முகமாக, வாய் ஓயாமல் வந்தாள். யோஸ்ட் என்கிற அந்தக் கணவர் அவளுக்குப் பின்னால் ஆறடிக்கு மேல் உயரமாக, யாரோ இழுத்து வருவதுபோல வந்தார். ஷெங்குல் டச்சு மொழியில் வணக்கம் சொன்னதும் ரியா ஒரு அடி பின்வாங்கினாள்.

"உங்களுக்குச் சளியா?"

"இல்லைங்க. ஆபரேஷன் பண்ணிக்கிட்டேன், குரல் மாறிப்போச்சு. ஒட்டிக்காது, பயப்படாதீங்க."

வேனுக்குள் இருந்த டிரைவர் ரூஹி பக்கக் கண்ணாடியில் அவளைப் பார்த்துக் கண் சிமிட்டினான்.

வேன் கிளம்பியதும் ரியா எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். இது அவர்களுடைய நாற்பதாவது கல்யாண நாள். தனி வழிகாட்டி, தனி வண்டி எல்லாம் அவள் ஏற்பாடு. யோஸ்ட் ஜனவரியில் ஓய்வு பெற்றார். அன்றிலிருந்து வீட்டு ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருக்கிறார்.

"கேட்டா பதில் சொல்வார். கேக்கலைன்னா அதுவும் இல்ல. சோபாவுக்குக் கால் முளைச்ச மாதிரி வீட்டுக்குள்ள நடக்கறார்."

யோஸ்ட் ஜன்னல் பக்கம் திரும்பியபடியே, "கல்லுதானே பாக்கப் போறோம்" என்றார். "அது எங்கயும் ஓடிடாது."

பழைய ஷெங்குலாக இருந்தால் இந்த மாதிரி ஆளைப் பத்து நிமிடத்தில் வழிக்குக் கொண்டுவந்திருப்பாள். பாட்டு, கேலி, ரோமாபுரிப் பணக்காரிகள் பற்றிய வம்பு என்று சரஞ்சரமாக எடுத்துவிட்டிருப்பாள். இன்று அதற்கெல்லாம் குரலில் இடமில்லை. அதனால் பேசாமல் அவரைக் கவனித்தாள். சாலையோரத்துத் தூணையோ கோட்டையையோ அவர் பார்க்கவில்லை. வண்டி சின்ன மெண்டெரெஸ் ஆற்றுப் பாலத்தைக் கடந்தபோது மட்டும் தலை திரும்பியது. தண்ணீரின் காவி நிறத்தை, பாலம் மறைகிறவரை பார்த்துக்கொண்டே போனார்.

"என்ன வேலை பாத்தீங்க?"

"தூர் வாருற கப்பல்ல கேப்டன்."

ஷெங்குல் முன்னால் குனிந்து ரூஹியிடம் சொன்னாள். "மேல் வாசல் வேண்டாம்பா. கீழ் வாசலுக்கு விடு."

"எல்லாரும் மேலேர்ந்துதானே இறங்குவாங்க அக்கா? ஏத்தத்துல நடக்க விட்டா திட்டுவாங்க."

"திட்டட்டும். விடு."

கீழ் வாசலில் இன்னும் கூட்டம் வந்து சேரவில்லை. எல்லாரும் பார்க்க வருகிற பழைய நூலகத்தையும் திறந்தவெளி அரங்கத்தையும் முதுகுக்குப் பின்னால் விட்டுவிட்டு, பளிங்கு பாவிய துறைமுகத் தெருவில் அவர்களை நேராக மேற்கே நடத்திக்கொண்டு போனாள். இருபுறமும் மொட்டைத் தூண்கள். போகிற வழியில் எதைப் பற்றியும் அவள் வாய் திறக்கவில்லை. ரியாவின் முகத்தில் கவலை தெரிந்தது. கொடுத்த பணத்துக்கு இந்த அம்மா பேசுவாளா மாட்டாளா என்கிற கவலை. கம்பித் தடுப்பு வந்ததும் ஷெங்குல் நின்றாள். அந்தப் பக்கம் புதரும் நாணலும் ஈரமான தாழ்நிலமும்தான்.

"இதுதான் துறைமுகம்" என்றாள்.

யோஸ்ட் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். "கடல் எங்க?"

"இங்கேர்ந்து ஒன்றரை மணி நேரம் நடக்கணும்."

அதற்குப் பிறகு கதையைச் சொன்னாள். இரண்டாயிரம் வருடத்துக்கும் முன்னால், துறைமுகம் ஆழம் குறைகிறது என்று வணிகர்கள் முறையிட, அட்டாலஸ் ராஜா அதன் வாயைக் குறுக்கி ஒரு சுவர் கட்டச் சொன்னான். வாய் குறுகினால் உள்ளே ஆழமாகும் என்று நினைத்தான். நடந்தது தலைகீழ். அதுவரை அலை இழுத்துப் போய்க்கொண்டிருந்த சேறும் உள்ளேயே தங்கிவிட்டது. இந்த இடத்தில் எல்லாரும் ராஜாவை நினைத்துச் சிரிப்பார்கள், ரியாவும் சிரித்தாள். யோஸ்ட் சிரிக்கவில்லை.

"அவன் முட்டாள் இல்லம்மா. நாங்களும் எங்க ஆத்துல அதைத்தான் பண்ணோம். வாயைக் குறுக்கினா தண்ணி வேகமா ஓடும், வேகமா ஓடினா அடியில இருக்கற மண்ணை அதுவே அரிச்சுக்கிட்டுப் போயிடும். ஆனா அதுக்கு ஓட்டம் வேணும். இங்க ஆறு எந்தப் பக்கம் வந்துச்சு?"

ஷெங்குல் கையை நீட்டிக் காட்டினாள். அவர் கீழே கிடந்த ஒரு குச்சியை எடுத்து, பெரிய உடம்பை மடக்கி மண்ணில் உட்கார்ந்து, ஆற்றை வரைந்தார், சுவரை வரைந்தார், சேறு எங்கே படிந்திருக்கும் என்று புள்ளி வைத்தார். "பாருங்க. தப்பான தண்ணியில சரியான வேலையைப் பண்ணிட்டான்."

அவள் குறுக்கே பேசவில்லை. முன்பு இப்படி ஒரு இடைவெளி விழுந்தால் தானாக ஏதாவது சொல்லி நிரப்பிவிடுவாள். இப்போது விட்டுவிட்டாள். தொண்டைக்கும் அது இதமாக இருந்தது. அவர் பேசிக்கொண்டே போனார். முப்பத்தாறு வருடம் ஒரே கால்வாயைத் தோண்டினாராம். தோண்டத் தோண்ட ஆறு தூர்த்துக்கொண்டே இருந்ததாம். சேற்றின் வாசனையை வைத்தே அது எத்தனை ஆழத்திலிருந்து வருகிறது என்று சொல்லிவிடுவாராம்.

ரியா அவர் பக்கத்தில் ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டாள். "அதே இடத்தையே வருஷா வருஷம் தோண்ட உங்களுக்கு அலுக்கலையா?"

"அலுப்பா? அந்த வழியாத்தானே அத்தனை கப்பலும் போச்சு." குச்சியை மண்ணில் ஊன்றினார். "இப்போ வேற ஆள் தோண்டறான். நான் தோண்டாட்டி அங்க என்னமோ ஆகிடும்னு நெனச்சேன். ஒண்ணும் ஆகல."

ரியா அவர் முழங்காலில் கையை வைத்தாள். "இதை நீங்க ஜனவரியிலயே சொல்லியிருக்கலாம்ல?"

"நீ கேக்கலையே."

"கேட்டா 'ஒண்ணுமில்ல'ன்னு சொல்லுவீங்க!"

ஷெங்குல் சில தூண்கள் தள்ளிப் போய் நின்றுகொண்டாள். வழக்கமான நேரக் கணக்குப்படி அவர்கள் இப்போது ரோமர் காலத்துக் கழிப்பிடங்களைத் தாண்டி நூலகத்தின் முன் படம் எடுத்துக்கொண்டிருக்க வேண்டும்.

அரங்கத்துக்குத் திரும்பியபோது நாலைந்து கூட்டங்கள் அங்கே மொய்த்துக்கொண்டிருந்தன. ரியா, யார் சொல்லியும் கேட்காமல், மூச்சு வாங்க மேல்வரிசை வரை ஏறிப்போய் அங்கிருந்து கையை ஆட்டினாள். கீழே மேடையில் ஷெங்குலும் யோஸ்ட்டும். இந்த இடத்தில் வழிகாட்டி குரல் கொடுப்பது வழக்கம். கடைசிப் படி வரைக்கும் கேட்கிறது பாருங்கள் என்று காட்டியாக வேண்டும். அவள் பாடியபோது மற்ற வழிகாட்டிகளே பேச்சை நிறுத்தியிருக்கிறார்கள்.

மூச்சை இழுத்துக் கூப்பிட்டாள். "ரியா" பாதியில் உடைந்து, கிழிந்த துணிபோல நின்றது. பக்கத்துக் கூட்டத்தில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். இருமுவதுபோல நடித்துவிடலாம். அவள் நடிக்கவில்லை. கால்களை அகட்டி ஊன்றிக்கொண்டு, யோஸ்ட் பக்கம் திரும்பி, "என்ன சொல்லட்டும்?" என்று கேட்டாள்.

அவர் யோசித்தார். "பசிக்குதுன்னு சொல்லுங்க."

இம்முறை கத்தவில்லை. அடிவயிற்றிலிருந்து, அந்தக் கரகரத்த குரலிலேயே, ஒவ்வொரு சொல்லாக வைத்தாள். "ரியா. உங்க வீட்டுக்காரருக்குப் பசிக்குதாம்."

பிறகு உச்சியிலிருந்து வந்தது: "எப்பவும்தானே!"

சுற்றியிருந்தவர்களில் டச்சு தெரிந்தவர்கள் சிரித்தார்கள். யோஸ்ட் தோள் குலுங்கச் சிரித்தார். ஷெங்குலும் சிரித்தாள், அந்தச் சிரிப்பும் கரகரவென்றுதான் வந்தது. அது இனி தன்னுடையதுதான் என்று தோன்றியது.

எபேசுவை ஒட்டிய செல்ச்சுக் ஊரில் சாப்பாடு. குச்சியில் கோத்துச் சுட்ட இறைச்சியைத் தம்பதி இரண்டாம் தடவை கேட்டு வாங்கிக்கொண்டிருந்தபோது, துன்ஜாயின் அழைப்பு வந்தது. அவள் எழுந்து தெருவுக்கு வந்தாள்.

"எப்படிப் போச்சு அக்கா? குறை ஏதும் சொன்னாங்களா?"

"நூலகத்துக்குப் போகவே நேரமில்ல."

"ஐயோ! நூலகத்தைக் காட்டலையா?"

"காட்டல. கேளு, துன்ஜாய். நாப்பது பேர் பஸ் இனிமே எனக்கு வேண்டாம். ஒரு வேன்ல அடங்கறவங்களை மட்டும் கொடு. கீழ் வாசல்லேர்ந்துதான் ஆரம்பிப்பேன்."

"அந்த ஆபீஸ் வேலை..."

"பெர்காயை உக்கார வை. அவனுக்குத்தான் ஏசி பிடிக்கும்."

மறுமுனையில் அவன் நீளமாக மூச்சு விட்டான். "பாக்கலாம் அக்கா. சாயங்காலம் பேசுவோம்."

"பேசுவோம்" என்றாள்.

எதிரே, பழைய நீர்ப்பாலத்தின் தனித்த தூண் மேல் பாதி கட்டியிருந்த கூட்டில் நாரை ஒன்று வந்து இறங்கியது. அலகில் கூட்டைவிட நீளமான ஒரு கிளை. அதைக் குறுக்கே வைத்துப் பார்த்தது, கிளை நிற்கவில்லை. எடுத்துத் திருப்பி நெடுக்கே வைத்தது. ஒரு முனை வெளியே துருத்திக்கொண்டு காற்றில் ஆடியது. நாரை கழுத்தைச் சாய்த்து அதையே பார்த்துவிட்டு, மறுபடி கிளையை அலகால் கவ்வியது.