இருபத்து மூன்றாம் பிரிவு

தொலைபேசி அறையில் அவளுக்கு மைக்செட் என்று பெயர். விமானம் தாமதம் என்று அவள் சொன்னால் போன் இல்லாமலே பயணிக்குக் கேட்டுவிடும் என்பது அங்கே பழைய கேலி. பதினோரு வருடமாக ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, பயணத் தேதி மாற்றுகிறவர்களுக்கும் திட்டுவதற்கென்றே கூப்பிடுகிறவர்களுக்கும் பதில் சொல்லி வந்தாள். பக்கத்து நாற்காலியில் அவளுடைய தங்கை. தங்கையை இந்த வேலைக்குக் கொண்டுவந்ததும் அவள்தான்.

விமானக் கம்பெனியோடு சங்கம் புது ஒப்பந்தம் பேசத் தொடங்கி ஏழு மாதம் ஆகியிருந்தது. சங்கத்தின் சார்பில் மூன்று பேர் உட்கார்ந்தார்கள். செக்-இன் கவுண்டரிலிருந்து செயலாளர். காணாமல் போன பெட்டிகளுக்குப் புகார் வாங்கும் குமாஸ்தா, எல்லோருக்கும் பெட்டிக்காரர். தொலைபேசி அறையிலிருந்து மைக்செட். எதிரே கம்பெனி அதிகாரிகள் ஐந்து பேர், ஆளுக்கொரு தண்ணீர் பாட்டிலோடு.

இழுபறி எல்லாம் இருபத்து மூன்றாம் பிரிவில்தான். தொலைபேசி அறையின் வேலையை வெளிக் கம்பெனி எதற்கும் கொடுக்கக் கூடாது என்பது அந்தப் பிரிவு. பழைய ஒப்பந்தத்தில் இருந்தது. புதியதில் வேண்டாம் என்றது கம்பெனி. அது போனால் அறையில் இருக்கும் நாற்பத்திரண்டு பேரும் போக வேண்டியதுதான்.

"அது இல்லாத தாள்ல என் கையெழுத்து விழாது" என்று சாப்பாட்டு இடைவேளையில் மூன்று முறை அறையிலிருந்த எல்லோருக்கும் சொல்லியிருந்தாள் மைக்செட். வெறும் வீறாப்பு இல்லை அது. முடிவான ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் சங்கத்தார் மூவரும் சுருக்கொப்பம் இட வேண்டும் என்பது பேச்சுவார்த்தையின் விதி. ஒன்று குறைந்தாலும் அந்தப் பக்கம் செல்லாது.

கடைசி நாள் காலையிலேயே மூடுபனி. ஓடுபாதை தெரியவில்லை, பதினான்கு விமானங்கள் தரையில். மதியம் ஒன்றரைக்குத் தொலைபேசி அறையின் மேற்பார்வையாளர் பேச்சுவார்த்தை அறைக்கே வந்துவிட்டார்.

"வரிசையில முந்நூறு போன் கால் நிக்குது. ரெண்டு மணிக்கு மேல இங்க இருக்க உனக்கு அனுமதி இல்ல. வந்துடு."

மைக்செட் செயலாளரைப் பார்த்தாள். இரண்டு மூன்று இடங்களில் சொல் மாற்றித் திரும்ப அச்சடிப்பதுதான் பாக்கி. பிரிவுகள் எல்லாம் வாய்வழியாக ஒப்புக்கொண்டாயிற்று, இருபத்து மூன்று பழையபடியே இருக்கும் என்பது உட்பட. கம்பெனி அதிகாரியே தலையாட்டியதை அவள் கண்ணால் பார்த்திருந்தாள்.

"நீ போ தங்கச்சி. ஜனம் காத்துட்டு இருக்கு" என்றார் செயலாளர். "வெள்ளைத் தாள்ல அடியில போட்டுக் குடுத்துட்டுப் போ. மேல அச்சடிச்சுக்கிறோம். ஒரு எழுத்து மாறாது."

வேறு தொழிலில் இருப்பவர்களுக்கு இது கிறுக்குத்தனமாகத் தோன்றும். விமான நிலையத்தில் யாருக்கும் தோன்றாது. பணி மாறும் நேரத்தில்தான் கூட்டம் நெரியும் என்பதால், ஒப்படைப்புப் பதிவேட்டில் ஒரு மணி நேரம் முன்பே கையெழுத்துப் போட்டுவிடுவது அங்கே எல்லோருக்கும் கைப்பழக்கம். அடுத்தவர் மேல் உள்ள நம்பிக்கையில்தான் அந்த இடமே ஓடியது. மைக்செட் நின்றபடியே பன்னிரண்டு வெள்ளைத் தாள்களின் மூலையில் தன் இரண்டெழுத்தைக் கிறுக்கிவிட்டு ஓடினாள்.

மறுநாள் ஒப்பந்தத்தின் பிரதிகள் கேன்டீனில் கட்டுக்கட்டாக வந்து இறங்கின. மைக்செட் ஒரு பயணியோடு பேசிக்கொண்டிருந்தபோது தங்கை வந்து, ஒன்பதாம் பக்கத்தை விரித்து அவள் முன்னால் வைத்தாள்.

"அக்கா, இது உன் கையெழுத்துதானே?"

இருபத்து மூன்றாம் பிரிவு: அறுபது நாள் அறிவிப்புடன், தொலைபேசிச் சேவையைத் தகுந்த வெளி அமைப்பிடம் ஒப்படைக்கும் உரிமை நிறுவனத்துக்கு உண்டு. அடியில் மூன்று சுருக்கொப்பங்கள். வலதுபுறம் சாய்ந்து நின்றது அவளுடையது.

"ஒரு நிமிஷம் லைன்ல இருங்க சார்" என்றாள் மைக்செட். பதினோரு வருடத்தில் முதல் முறையாக அவள் குரல் பக்கத்து நாற்காலிக்குக்கூடக் கேட்கவில்லை.

"கீழே இன்னொண்ணு இருக்கு. படி" என்றாள் தங்கை. விரலால் தொட்டுக் காட்டினாள். பேச்சுவார்த்தைக் குழுவில் இருந்தவர்களின் வேலைக்குப் பாதிப்பு வராது. தொலைபேசி அறையைச் சேர்ந்த உறுப்பினர் செக்-இன் கவுண்டருக்கு மாற்றப்படுவார்.

"அந்த உறுப்பினர் யாருன்னு நான் சொல்லணுமா?"

"சத்தியமா எனக்குத் தெரியாதுடி. வெள்ளைத் தாள்லதான் போட்டேன்."

தங்கை அவள் முகத்தையே பார்த்தாள். "பயணி ஒருத்தன் இதைச் சொன்னா நீ நம்புவியா?"

ஆறாம் கவுண்டர் அன்று மூடியிருந்தது. அதன் பின்னால், பெட்டியில் ஒட்டும் சீட்டுச் சுருள்களை அடுக்கிக்கொண்டிருந்தார் செயலாளர். மைக்செட் தாளை நீட்டினாள். அவர் அதை வாங்கக்கூட இல்லை.

"முதல்ல நான் உங்கிட்ட மன்னிப்புக் கேட்டுக்கிறேன் தங்கச்சி. உன் கோபம் நியாயம். உன் இடத்துல நான் இருந்தாலும் இப்படித்தான் வந்து நிப்பேன்."

அவள் தாளைக் கவுண்டர் மேல் வைத்தாள். அவர் தொடர்ந்தார்.

"இப்ப ரெண்டு வழி இருக்கு. கவுண்டருக்கு வந்துட்டா இங்க இருந்தே உன் ஆளுங்களுக்காகப் போராடலாம். வேணாம்னா அறுபது நாள் அங்கயே இருந்து யோசிக்கலாம். எதுவானாலும் நான் கூட இருப்பேன்."

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. முதலில் மன்னிப்பு. பிறகு கோபத்துக்கு ஒத்து ஊதுவது. பிறகு இரண்டு வழி காட்டுவது, இரண்டும் நமக்குச் சாதகமாக. இருக்கைகளை மீறி டிக்கெட் விற்றுவிட்ட நாளில், இடம் இல்லாமல் போன பயணியை எப்படித் திருப்பி அனுப்புவது என்று புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் பாடம் எடுப்பவர் செயலாளர்தான். பதினோரு வருடம் முன்பு முதல் வரிசையில் உட்கார்ந்து நோட்டில் எழுதிக்கொண்டவள் அவள்.

"அண்ணே, என்னைப் பயணியாக்கிட்டீங்களே" என்றாள்.

அவர் கை நின்றது. சுருளைக் கீழே வைத்தார். "அப்ப நேராவே சொல்றேன். அந்தப் பக்கம் நாப்பத்திரண்டு பேர், இந்தப் பக்கம் நூத்தி அறுபது பேர். இருபத்து மூணை விட்டாத்தான் மத்ததுக்குச் சம்மதம்னு முந்தின நாளே சொல்லிட்டாங்க. மூடுபனி வந்தது உன் கெட்ட நேரம்."

"முந்தின நாளா? அப்ப நேத்து அந்த ஆள் தலையாட்டினது?"

"உனக்காக ஆட்டினதுதான்."

"ஏழு மாசம் பக்கத்துல உக்கார வச்சு, ஒரே டீயைப் பாதிப் பாதி குடிச்சீங்களே அண்ணே."

"அதனாலதான் உனக்கு ஒரு இடம் வாங்கி வச்சேன்" என்றார் அவர். கொஞ்சம் மனத்தாங்கலோடுதான் சொன்னார், நன்றியை எதிர்பார்த்தவர்போல.

வியாழக்கிழமை மூன்று மணிக்குக் கேன்டீனில் வாக்கெடுப்புக் கூட்டம். கவுண்டர்காரர்கள் சீருடையோடு முன்வரிசைகளை நிரப்பியிருந்தார்கள். தொலைபேசி அறைக்காரர்கள் பின்சுவரை ஒட்டி நின்றார்கள். மைக்செட் எழுந்தபோது யாரோ ஒலிபெருக்கியை நீட்டினார், அவள் வாங்கவில்லை.

"ஒன்பதாம் பக்கத்துல இருக்கறது என் கையெழுத்துதான். ஆனா நான் போட்டப்ப அதுல ஒரு வரிகூட இல்ல. மூடுபனி அன்னிக்கு லைன் நிரம்பிடுச்சு, வெறும் தாள்ல போட்டுட்டுப் போனேன். முட்டாள்தனம், ஒத்துக்கிறேன். ஆனா விக்கல. இந்தப் பக்கம் செல்லாது."

சலசலப்பு எழுந்தது. செயலாளர் நிதானமாக எழுந்து நின்றார். "தங்கச்சிக்கு மனசு கஷ்டம். புரியுது. எல்லாப் பக்கமும் படிச்சுத்தான் மூணு பேரும் போட்டோம். பெட்டிக்காரரே, நீங்க சொல்லுங்க."

பெட்டிக்காரர் ஓய்வுபெற எட்டு மாதம் இருந்தது. வெள்ளைத் தாள்களை மேசையில் எண்ணி வைத்ததும், பேனா எடுத்துக் கொடுத்ததும் அவர்தான். மைக்செட் அவரையே பார்த்தாள். அவர் தன் செருப்பைப் பார்த்தார்.

"படிச்சோம்" என்றார். "எல்லாரும் படிச்சோம்."

"காணாமப் போன பெட்டியைக்கூட இவர் இவ்வளவு சீக்கிரம் கண்டுபிடிச்சதில்லையே!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். சிலர் சிரித்தார்கள். முன்வரிசையிலிருந்து பதில் வந்தது: "கவுண்டர் வேலையும் வேணும், நல்ல பேரும் வேணுமாக்கும்?" அதற்குச் சிரித்தவர்கள் அதிகம். பின்சுவரை ஒட்டி நின்றவர்களிலும் இரண்டு பேர் சிரித்ததை அவள் பார்த்தாள்.

நூற்றைம்பத்தொன்றுக்கு நாற்பத்தாறு. ஒப்பந்தம் நிறைவேறியது.

வெளியே, ஊழியர் வாசலுக்குப் பக்கத்தில் தங்கையைப் பிடித்தாள். பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்தாள். கவுண்டர் வேலை எனக்கு வேண்டாம் என்று நாலு வரி.

"இதைக் குடுக்கப் போறேன். அப்பவாவது நம்புவாங்கல்ல?"

தங்கை நின்றபடியே படித்தாள். மடித்தாள். பிறகு அமைதியாக இரண்டாகக் கிழித்து, நாலாகக் கிழித்து, தன் கைப்பையிலேயே போட்டுக்கொண்டாள்.

"நீ கவுண்டர்ல போய்ச் சேரு அக்கா."

"எல்லாரும் சொல்றது உண்மைன்னு ஆயிடும்டி."

"ஆகட்டும். அறுபது நாள் கழிச்சு நான் வீட்டுல இருப்பேன். நீயும் இருந்தா அம்மா மருந்துக்கு யார்கிட்டப் போய் நிக்கறது? உன் நல்ல பேரை வச்சு உலை வைக்க முடியுமா?"

"நீ நம்பறியா இல்லையா, அதை மட்டும் சொல்லு."

தங்கை கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். "வெள்ளைத் தாள்னு நீ சொல்றதை நம்பறேன்" என்றாள். "எங்க நாப்பத்திரண்டு பேரையும் ஒரு தாளா நினைச்சு அங்க வச்சுட்டுப் போனியே, அதை என்ன பண்றதுன்னுதான் தெரியல."

ஊழியர் பஸ் வந்தது. தொலைபேசி அறைக்காரர்கள் ஏறிக்கொண்டார்கள். தங்கையும் ஏறினாள், பக்கத்தில் இடம் இருந்தது, அதில் கைப்பையை வைத்தாள். மைக்செட் படியில் கால் வைக்கப் போனவள், உள்ளே பேச்சு சட்டென்று நின்றதைக் கேட்டாள். காலை இறக்கிக்கொண்டாள்.

"ஏறலையாம்மா?" என்றார் ஓட்டுநர்.

"அடுத்ததுல வரேன்" என்றாள்.