யார் பேரில் பூட்டு

புதுக் கணினியின் திரை முழுக்க நீலமாகி மீட்புச் சாவியைக் கேட்டது. தம்பி அணைத்து மறுபடி போட்டான்; மறுபடியும் அதேதான்.

"என்னடா கேக்குது?" அக்கா பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"சாவி."

"நான் எதையும் பூட்டலியே!"

அவனும் பூட்டவில்லை. குழந்தைகள் உடைக்கு அக்கா இத்தனை வருடமாக வரைந்த பேட்டர்ன்கள் அத்தனையும் அதற்குள்தான் இருந்தன. புதியவை சாயங்காலத்துக்குள் தொழிற்சாலைக்குப் போகாவிட்டால் வேலை வேறு கைக்குப் போய்விடும்.

பழைய கணினி அடிக்கடி நின்றுபோகிறதே என்று புதிது வாங்கவைத்தவன் அவன். டிஸ்கை அப்படியே பிரதி எடுத்துப் புதியதில் இறக்க, தன் கணினி பழுதுபார்க்கும் கடையைத் தொடங்கிய நாளிலிருந்து கைவிடாத ஒரு மென்பொருள் வைத்திருந்தான். பழைய கணினியில் இருந்தது புது ஓஎஸ், அதாவது புது இயங்குதளம், என்பதை அவன் பெரிதாக எண்ணவில்லை. எந்த ஓஎஸ்ஸானால் என்ன, டிஸ்க் டிஸ்க்தானே? மென்பொருளும் 'வெற்றி' என்றது. அந்த ஒரு சொல்லை நம்பிப் பழைய டிஸ்கைத் துடைத்தான்; அந்தக் கணினியின் மதர்போர்டைப் பழைய சாமான்காரரிடம் போட்டான்.

இப்போதுதான் புரிந்தது. புது ஓஎஸ் யாரையும் கேட்காமல் டிஸ்கைப் பூட்டிக்கொள்ளும் ரகம். சாவி அந்தப் போர்டிலேயே இருந்ததால் தினமும் தானாகத் திறந்துகொண்டது. எழுத்தறியாதவன் எழுத்தைப் பார்த்து வரைவதுபோல, பழைய மென்பொருள் பூட்டியதைப் பூட்டியபடியே, ஒரு புள்ளி பிசகாமல் எடுத்து வைத்திருக்கிறது.

"பெட்டியைப் பத்திரமா காப்பாத்திட்ட மச்சான்," என்றார் அக்காவின் கணவர். "திறக்கத்தான் வழியில்ல."

"நீங்க சும்மா இருங்க." அக்காவின் குரலில் கோபமில்லை. அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை.

அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"மாத்துச் சாவி இருக்காதா?"

"கம்ப்யூட்டர்ல முதல்ல உள்ள நுழைஞ்சவங்களோட ஆன்லைன் கணக்குல ஒண்ணு ஏறியிருக்கும். உன் கணக்கைப் பாருக்கா."

பார்த்தாள். ஒன்றுமில்லை. பிறகு மெதுவாகத் திரும்பினாள்.

"முதல்ல நுழைஞ்சது நானா? எனக்குக் கடவுச்சொல் மறந்துபோச்சுன்னதும், 'இப்போதைக்கு என்னோடதைப் போடறேன்'னு நீதானேடா..."

அவன் தன் கைபேசியில் கணக்கைத் திறந்தான். அக்காவின் கணினி இருந்தது. அதன் கீழே நீளமாக எண்கள். போன உயிர் திரும்பியது. ஆனால் விரல் நகர நகர வேறு கணினிகளும் வந்துகொண்டே இருந்தன.

"இதெல்லாம் யாருது?"

"கடைக்கு வந்தவங்க." "அவங்களுக்கும் இப்போதைக்குன்னுதான் என் கணக்கைப் போட்டேன்..."

"அட பாவி! ஊர் வீட்டுச் சாவியெல்லாம் உன் இடுப்புலயா?"

அவன் எண்களைச் சொல்லச் சொல்ல அக்கா அடித்தாள். பேட்டர்ன்கள் திறந்தன. அனுப்பிவிட்டு எழுந்தவள் நாற்காலியை அவன் பக்கம் தள்ளினாள்.

"முதல்ல இதை என் பேருக்கு மாத்து. அப்புறம் ஒவ்வொருத்தருக்கா போன் போடு."

மாற்றி முடித்து, முதல் வாடிக்கையாளரின் போன் எண்ணை அழுத்தினான்.

"உங்க கம்ப்யூட்டர் நல்லாத்தாங்க இருக்கு, பயப்படாதீங்க," என்று தொடங்கினான். "அதோட சாவிதான் என் பேர்ல மாட்டிக்கிச்சு."