ரிலீவர் வரும்வரை

நெய்வேலியில் பெரிய பெரிய மிஷினையெல்லாம் ஒரே கையால் ஓட்டியவன் என்று என்னைப் பற்றிச் சொல்வார்கள். சொல்கிறவன் பெரும்பாலும் நான்தான். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவனுக்கு அந்த உரிமை உண்டு. ஆனால் 1960களில் அந்த ஊரிலேயே ஓட்டக் கடினமான மிஷின் எது என்று கேட்டால், என் மனைவி அம்சவல்லி நடத்திய பாலர் வகுப்பு என்பேன்.

நாங்கள் குடியிருந்த பிளாக்கின் கோடியில் ஒரு தகரக் கொட்டகை. ஜெர்மனியிலிருந்து மிஷின் சாமான் வந்த மரப்பெட்டிகளை அதில் போட்டு வைத்திருந்தார்கள். அது காலியானதும் அம்சா கேட்டு வாங்கிக்கொண்டாள். இரண்டரை வயதில் தொடங்கி, பள்ளிக்கூடத்தில் சேர்க்கும் வயது வரைக்கும் பிள்ளைகள். இடம் போதவில்லை. அதனால் காலையில் பாதிப் பேர், மத்தியானம் மீதிப் பேர். காலை வகுப்பு, மாலை வகுப்பு என்று அவள் அழகாகப் பெயர் வைத்தாள். பிள்ளைகள் அதை மதிக்கவே இல்லை. பஸ்ட் ஷிப்ட், செகண்ட் ஷிப்ட் என்றார்கள். வீட்டில் அப்பன்மார் பேசுவது வேறென்ன?

விளையாட்டுச் சாமான்களில் ராஜா, நான் செய்து கொடுத்த மண்வெட்டும் மிஷின். சுரங்கத்தில் சக்கரத்தைச் சுழற்றி மலைமலையாக மண் வாருமே, அதன் குட்டி. பெட்டிப் பலகை, பழைய சைக்கிள் ரிம், அதைச் சுற்றிப் பால் டின்கள். மேலே உட்கார்ந்து கைப்பிடியைச் சுற்றினால், கொட்டகைக்குள் கொட்டி வைத்த மணலை டின்கள் அள்ளும். ஜெர்மன்காரர் ஒருவர் வந்து பார்த்து, எங்கள் மிஷின் இவ்வளவு ஓடாது என்று தலை குனிந்து போனார். வந்து பார்த்தார் என்பது வரை நிஜம்.

அந்த மிஷினுக்காக முதல் வாரத்திலேயே இரண்டு ஷிப்ட் பிள்ளைகளுக்கும் யுத்தம் மூண்டது. அம்சா என்னிடம் கேட்டாள்.

"மைன்ஸ்ல இதுக்கெல்லாம் இன்னா பண்ணுவீங்க?"

"அடுத்த ஆளு வந்து கையில வாங்கிக்கற வரைக்கும் சீட்டை வுட்டு எறங்க மாட்டோம். ரிலீவர் வரலன்னா உக்காந்துகினே இருக்க வேண்டியதுதான்."

அதையே அவள் வகுப்புக்குச் சட்டமாக்கிவிட்டாள். காலைப் பிள்ளை தன் கையிலிருப்பதை மத்தியானப் பிள்ளையிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போகவேண்டும். மிஷினில் ஏறுகிறவர் தலையில் அலுமினியக் கிண்ணத்தைத் தொப்பியாகக் கவிழ்த்துக்கொள்ள வேண்டும். சண்டை நின்றது.

அப்போதுதான் கொட்டகையின் மேல் ராஜாங்கத்தின் கண் விழுந்தது. பிளாக் காரியங்களைப் பார்க்கும் அதிகாரி. சைக்கிள்கள் வெயிலில் வேகின்றன, கொட்டகை சைக்கிள் ஸ்டாண்டுக்கு வேண்டும் என்றார். சிறு பிள்ளைகளின் படிப்பைப் பற்றித் தெரிந்த கஸ்தூரியம்மாள் என்பவர் மதராஸிலிருந்து வந்து பார்ப்பது, அவர் நல்லது என்றால் வகுப்பு நடக்கட்டும், இல்லையென்றால் சைக்கிள் நிற்கட்டும் என்று முடிவாயிற்று.

அவர் வருகிற அன்று உப்புமாவில் உப்பில்லை. இரண்டாம் தரமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். நிலைமை அப்படி.

"நீங்க அந்தப் பக்கம் எட்டிப் பாக்கக் கூடாது" என்றாள் அம்சா.

"நான் எதுக்கு வரேன்?"

கொட்டகைக் கதவின் கீல்களுக்கு எண்ணெய் போடவேண்டியிருந்தது. அதற்காக மட்டும் போனேன்.

கஸ்தூரியம்மாள் மூக்குக் கண்ணாடியோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வெளியே ஜீப்பில் ராஜாங்கம். பிள்ளைகள் பாடத் தொடங்கினார்கள். ஒருவன் பாட்டின் நடுவே தூங்கிவிட்டான். ஒருத்தி கவுனைத் தூக்கி முகத்தை மூடிக்கொண்டாள். மூன்றாவது அடியில், ஷிப்ட் மாறச் சொல்லும் சுரங்கத்துப் பகல் சங்கு ஊதியது.

அவ்வளவுதான். பாட்டு அந்தரத்தில் நின்றது. தூங்கியவன்கூட எழுந்துவிட்டான். ஆளாளுக்குத் தத்தம் சாமானைத் தூக்கிக்கொண்டு வாசலைப் பார்த்து நின்றார்கள்.

"என்னம்மா இது? கட்டுப்பாடே இல்லையே?" என்றார் கஸ்தூரியம்மாள்.

அம்சாவின் முகம் வெளுத்துவிட்டது. நான் ஒரே கீலுக்கு எண்ணெயை ஊற்றிக்கொண்டே இருந்தேன்.

மத்தியானப் பிள்ளைகள் உள்ளே வந்தார்கள். ஒவ்வொன்றும் தன் ஆளைத் தேடிப் போயிற்று.

"கோபுரம் கட்டிகினு இருக்கேன். கீழ்க் கல்லு ஆடுது, பாத்துக்க."

"பொம்மைக்கு ஜொரம். தூக்காத."

"சரி, நீ போ."

கஸ்தூரியம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

எல்லாரும் கை மாற்றியாயிற்று. மிஷின்மேல் கொளஞ்சியப்பன் மட்டும் மிச்சம். மூன்று வயது, ஆள் இருப்பது ஒரு பூசணிக்காய் உயரம். மத்தியானம் அவனிடமிருந்து வாங்கிக்கொள்ளும் பாப்பாவுக்கு அன்று காய்ச்சல், வரவில்லை. அவனுடைய அம்மா வீரம்மாள் வந்து நின்றாள்.

"எறங்குடா கண்ணு, வூட்டுக்குப் போலாம். சோறு ஆறிப்போவுது."

"ரிலீவரு வரல."

"கருவாட்டுக் கொழம்பு வெச்சிருக்கேன்டா."

கீழுதடு பிதுங்கியது. கண்ணில் தண்ணீர் முட்டியது. கை மட்டும் கைப்பிடியை விடவில்லை. மற்ற பிள்ளைகள் கையில் ஆளுக்கொரு பொறுப்பு. போட்டுவிட்டு வர ஒருவரும் தயாரில்லை.

அம்சா கை நீட்டினாள். "எங்கிட்டக் குடுறா."

"நீங்க போர்மேன்" என்றான் அவன். மேற்பார்க்கிறவர் மிஷினில் ஏறுவதில்லை என்பது அவன் கணக்கு.

சுரங்கத்தில் அவனுடைய அப்பன் உட்பட எங்களில் யாருமே இவ்வளவு ஒழுங்காக நடந்துகொண்டதில்லை என்று சத்தியம் செய்வேன்.

கஸ்தூரியம்மாள் எழுந்து மணலுக்குள் இறங்கி அவன் எதிரே குந்தினார். "நான் வந்துட்டேன். நீ இறங்கு."

கொளஞ்சி அவரை மேலும் கீழும் பார்த்தான். "தொப்பி?"

அவர் கிண்ணத்தை வாங்கிக் கொண்டையின்மேல் கவிழ்த்துக்கொண்டார்.

"சக்கரம் எடது பக்கம் இழுக்குது" என்று சொல்லிவிட்டு அவன் இறங்கினான். வாசல்வரை போனவன் திரும்பி நின்று பார்த்தான். அவர் அவசரமாக மிஷின்மேல் உட்கார்ந்து கைப்பிடியைச் சுற்றினார். சக்கரம் இடது பக்கம் இழுத்தது. நான் செய்ததில் ஒரு குறை என்றால் அதுதான்.

வெளியே ஜீப் ஹாரன் கத்தியது. ராஜாங்கம் உள்ளே வந்து, கிண்ணமும் மணலுமாக இருந்த அம்மாளைப் பார்த்துத் திகைத்துப்போனார்.

"நேரமாவுதுங்க. கிளம்பலாங்களா?"

"எப்படி வர்றது? ரிலீவர் வரணுமே" என்றார் அவர்.

வாசலில் கொளஞ்சி இன்னும் நின்றுகொண்டிருந்தான். ராஜாங்கம் அவனைப் பார்த்தார், அம்மாளைப் பார்த்தார். கஸ்தூரியம்மாள் கிண்ணத்தைக் கழற்றி நீட்டினார். ராஜாங்கத்தின் தலைக்கு அது கொஞ்சம் சிறியது. உட்கார்ந்தபோது பெட்டிப் பலகை முனகியது, தாங்கிக்கொண்டது. என் வேலைப்பாடு அப்படி.

"மூணு வயசுல இதைக் கத்துக்கொடுக்கிற வகுப்பை நான் எங்கேயும் பார்த்ததில்லை" என்று அம்சாவிடம் சொல்லிவிட்டு, கஸ்தூரியம்மாள் புடவையிலிருந்து மணலைத் தட்டினார். பிறகு கீழே பார்த்து, "சைக்கிளெல்லாம் வெயில்லயே நிக்கட்டும், ராஜாங்கம்" என்றார்.

அம்சா என் பக்கம் திரும்பினாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். முகமெல்லாம் சிரிப்பு. சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரி முதன்முதலாக வெளியே வந்தபோது ஊரே கூத்தாடியது. அன்றுகூட என் நெஞ்சு இவ்வளவு விம்மவில்லை. சட்டைப் பொத்தான் ஒன்று தெறித்து, பக்கத்து ஊரான வடலூரில் போய் விழுந்தது.

"சார்," என்றார் ராஜாங்கம் என்னிடம், கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு, "கொஞ்சம் நீங்க வந்து வாங்கிக்கறீங்களா?"

வாங்கிக்கொண்டிருப்பேன். ஆனால் எண்ணெய் போடவேண்டிய கீல் இன்னும் ஒன்று பாக்கி இருந்தது.