மேலக்காவின் பின்னல் பை

1

இந்தக் கதை எனக்குச் சண்டைக்குப் போக இருந்த இடத்தில் கிடைத்தது.

என் எழுத்து மேசைக்கு எதிரே, தெருவுக்கு அந்தப் பக்கம், ஒரு கட்டடம் எழும்பிக்கொண்டிருக்கிறது. நான் ஒரு பத்தியை அடித்துத் திருத்தி முடிப்பதற்குள் அவர்கள் ஒரு மாடியை முடித்துவிடுகிறார்கள். இரைச்சல் வேறு. போய் நாலு வார்த்தை கேட்டுவிட வேண்டும் என்று பல நாளாகக் கறுவிக்கொண்டிருந்தேன். போகவில்லை. ஒருநாள் காலை அந்த இரைச்சல் சட்டென்று நின்றது. நிமிர்ந்து பார்த்தால், கட்டடத்தையும் தாண்டி நிற்கும் கோபுர கிரேனின் கேபினிலிருந்து தரைவரை மஞ்சளாக ஒரு கோடு இறங்கியிருந்தது.

சத்தம் போட்டபோது போகாதவன், சத்தம் நின்றதும் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினேன்.

வாசலில் இருந்தவர் பாதிக் கதையைச் சொன்னார். மீதியில் கொஞ்சத்தைப் பிறகொரு நாள் அந்தக் கிரேனை ஓட்டுபவளே சொன்னாள். எஞ்சியதை நான் இட்டு நிரப்பியிருக்கிறேன். எது எது என்று கேட்காதீர்கள், ஒட்டுப்போட்ட இடம் தெரியாமல் இருப்பதற்குத்தான் இத்தனை பாடு.

2

முதல் தொடக்கம்: "வானத்தில் ஒரு பெண் பின்னிக்கொண்டிருந்தாள்."

அடித்துவிட்டேன். அழகாக இருக்கிறது, அதுதான் குற்றம். வானத்துப் பெண்ணுக்கு முழங்கால் வலிக்காது. இவளுக்கு ஏணி ஏறி ஏறி வலது முழங்கால் பேசும்.

இரண்டாவது: "அவளுக்கு உயரம் என்றால் பயமில்லை, ஆனால்

ஆனாலுக்குப் பிறகு எதுவும் வரவில்லை. ஏனென்றால் அவளிடம் அப்படி ஒரு ஆனால் இல்லை. நான்தான் ஒரு குறை இருந்தால் கதைக்கு வசதி என்று துழாவிக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது தொடக்கம் என் மனைவியிடம் அடிபட்டது. "ஏங்க, கிரேன் ஓட்டுறவங்க வேலை நேரத்துல ஸ்வெட்டர் பின்னுவாங்களா? யாரு நம்புவா?" நியாயமான கேள்வி. ஆகவே அதிலிருந்தே தொடங்குகிறேன்.

3

அவள் கிரேன் ஓட்டுநர். எப்போதும் மேலேயே இருப்பதால் கட்டடத்தில் எல்லோருக்கும் மேலக்கா. அவளுக்குக் கீழே நின்று, எதைத் தூக்கலாம், எங்கே இறக்கலாம் என்று வாக்கி டாக்கியில் சொல்பவர் பெயர் கொக்கி. அவர் அவளை அக்கா என்பார், அவள் அவரை அண்ணே என்பாள். யார் மூத்தவர் என்பது இன்றுவரை தீரவில்லை. நாள் முழுக்கப் பேசிக்கொள்ளும் இந்த இருவரும் முகத்துக்கு முகம் பார்ப்பது காலையிலும் மாலையிலும் ஏணியடியில் மட்டும்தான்.

கிரேன் வேலையில் பாதி, காத்திருப்பது. கீழே கம்பிக் கட்டைக் கட்டி முடிக்கும்வரை மேலே ஒரு வேலையும் இல்லை. கை சும்மா இருந்தால் கண் சொக்கும். கிரேன் ஓட்டுபவருக்குக் கண் சொக்கக் கூடாது. பாட்டுக் கேட்டால் கொக்கியின் குரல் காதில் விழாது. கைபேசியைப் பார்த்தால் அதற்குள் போய்விடுவோம். பின்னல் மட்டும்தான் அவள் கைக்கு வேலை கொடுத்துவிட்டுக் கண்ணையும் காதையும் அவளிடமே விட்டுவைத்தது.

ஆனால் அந்த உயரத்திலிருந்து ஒரு ஊசி விழுந்தால் அது ஊசி இல்லை, அம்பு. மேலே கொண்டுபோகும் எதுவும் கீழே விழக் கூடாது என்பது அங்கே முதல் விதி. ஆகவே பின்னத் தொடங்கும் முன் அவள் பையைத்தான் செய்தாள். (என் மேசையில் பாதியில் நிற்கும் கதைகள் பழைய மின்கட்டண ரசீதுகளோடு கலந்து கிடக்கின்றன. அதை மனத்தில் வைத்துக்கொண்டு இந்தப் பையைப் பாருங்கள். நான் ஏன் இப்படி வாயைப் பிளக்கிறேன் என்பது புரியும்.)

கிழிந்த மழைக்கோட்டுத் துணியில் தைத்த பை. முதுகில் மாட்டுவதில்லை. கிரேனுக்குள் ஏறும் ஏணியைச் சுற்றி இரும்பு வளையங்கள் உண்டு, முதுகுப் பை அவற்றில் சிக்கும். அதனால் குழந்தையைச் சுமப்பதுபோல் நெஞ்சோடு கட்டிக்கொள்வாள். உள்ளே ஒரு வட்டத் தகர டப்பா. அதன் மூடியில் ஒரு துளை. நூல் உருண்டை டப்பாவுக்குள்ளேயே உருளும், நூல் மட்டும் துளை வழியாக வெளியே வரும். துளையின் விளிம்பு நூலை அறுக்காமலிருக்க அதில் சட்டைப் பொத்தான் ஒன்றை ஒட்டியிருந்தாள். தனித்தனி ஊசிகள் கிடையாது. இரண்டு முனைகளையும் ஒரே மெல்லிய குழாய் இணைக்கும் வளைய ஊசி, ஒன்று நழுவினாலும் மற்றது பிடித்துக்கொள்ளும். பின்னாத நேரத்தில் இரு முனைகளுக்கும் ரப்பர் தொப்பி. கத்தரிக்கோலுக்குப் பதிலாக நகவெட்டி, அதையும் ஒரு நாடாவில் கட்டிப் பையோடு தைத்துவிட்டாள். வரிசையை அடையாளம் வைக்க இரும்பு வளையம் வேண்டாம், வேறு நிறத்து நூல் துண்டு போதும். பாதி பின்னிய ஸ்வெட்டர் தலையணை உறைக்குள். மடிப்பதில்லை, மடித்தால் தடம் விழும். சுருட்டுவாள்.

அந்த ஸ்வெட்டர் அவள் கணவருக்கு. அவர் பேருந்து ஓட்டுநர். உட்கார்ந்தே வேலை, பெருத்துக்கொண்டே போகும் உடம்பு. முன்பக்கம் முடிவதற்குள் அளவு மாறிவிடும், பிரித்துவிட்டு மறுபடி தொடங்குவாள். "எனக்கா பின்ற, இல்ல அந்தக் கட்டடத்துக்கா?" என்று கேட்டாராம். "நீங்க வளர்றத நிறுத்துங்க, நானும் நிறுத்துறேன்" என்றாளாம்.

4

இனி அந்தக் காலை.

வெயில். கேபினுக்குள் புழுக்கம். முன்பக்கக் கண்ணாடியைக் கொஞ்சம் திறந்து வைத்திருந்தாள். டப்பாவிலிருந்த பழைய உருண்டை தீர்ந்துவிட்டது. பையின் அடியிலிருந்து புதிய மஞ்சள் உருண்டையை எடுத்து, நுனியைப் பழைய நூலோடு சேர்த்து இரண்டொரு கண்ணி பின்னியிருப்பாள். வாக்கி டாக்கி கரகரத்தது.

"அக்கா, கான்கிரீட் தொட்டி ரெடி. இறுகுறதுக்குள்ள போகணும், தூக்குங்க."

பின்னலைப் பைக்குள் போட்டாள். பையைக் கேபின் சுவரிலிருந்த வளையத்தில் மாட்டினாள். உருண்டையை டப்பாவில் போட்டு மூடியிருக்க வேண்டும், மடியிலேயே விட்டுவிட்டாள்.

[இங்கே நான் அவளுக்காகச் சாக்குச் சொல்லி ஒரு நீளமான பத்தி எழுதினேன். காற்று, புழுக்கம், அவசரம். எடுத்துவிட்டேன். அவளே சொல்லாத சாக்கை நான் ஏன் சொல்ல வேண்டும்?]

தொட்டி தரையை விட்டு எழும்பியது. கீழே பார்க்க முன்னால் குனிந்தாள். மடி சரிந்தது. உருண்டை முழங்கால் வழியாக உருண்டு, திறந்திருந்த கண்ணாடி வழியே போயே போய்விட்டது.

நூல் விறுவிறுவென்று பைக்குள்ளிருந்து இழுபட்டது. முனைகளுக்குத் தொப்பி மாட்டவில்லை. கண்ணிகள் ஒவ்வொன்றாக ஊசியை விட்டு நழுவும் அந்த மெல்லிய துடிப்பு பையின் துணியில் தெரிந்தது. ஒரு கண்ணி நழுவினால் அதன் கீழிருப்பதெல்லாம் ஏணிபோல் இறங்கிவிடும். கையை நீட்டினால் பிடித்திருக்கலாம்.

அவள் கை வாக்கி டாக்கிக்குப் போனது.

"தள்ளுங்க! எல்லாரும் தள்ளுங்க! மேலருந்து விழுது!"

கீழே ஆட்கள் சிதறினார்கள். அவள் தொட்டியை மெதுவாகத் தரையில் வைத்தாள். அதன் பிறகுதான் மூச்சுவிட்டாள்.

உருண்டை ஒரு மணல் குவியலில் வந்து விழுந்தது. யார் மேலும் படவில்லை. பட்டிருந்தாலும் பூ விழுந்தது போலத்தான். கொக்கி குனிந்து எடுத்தார். அவர் என்னிடம் சொன்னது இது: "சத்தியமா சொல்றேன் சார், பாக்கெட்ல போட்டு அமுக்கிடலாம்னுதான் கை போச்சு. அதுக்குள்ள அவங்களே சொல்லிட்டாங்க. எல்லாரும் கேக்குற சேனல்ல."

அவள் சொன்னது: "விழுந்தது என்னோட நூல். நான்தான் மடியில வச்சிருந்தேன். வேற எதுவும் விழாது. பாதுகாப்பு மேடத்துக்குச் சொல்லிடுங்கண்ணே."

கொக்கி நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். மேலே அவள் கைமாற்றிக் கைமாற்றி இழுக்க, கேபினிலிருந்து தொங்கிய அந்த மஞ்சள் கோடு மெல்ல மெல்லச் சுருங்கி மறைந்தது. நான் வாசலுக்கு வந்து சேர்ந்தபோது பார்த்தது அதைத்தான்.

5

இப்போது வருகிறார் தொப்பி மேடம். பாதுகாப்பு மேற்பார்வையாளர். கண்ணில் படுகிறவரையெல்லாம் "தொப்பி எங்க?" என்று கேட்பதால் அந்தப் பெயர்.

இவரை முதலில் வில்லியாக எழுதிப் பார்த்தேன். "தொப்பி மேடத்தின் உதடுகள் ஏளனமாக

வேண்டாம். அவர் பொல்லாதவர் இல்லை. இன்றைக்கு விழுந்தது நூல், நாளைக்கு அந்தத் தகர டப்பா விழுந்தால்? அவர் அதைத்தான் கேட்டார். பையைக் கயிற்றில் கட்டிக் கீழே அனுப்பச் சொல்லட்டுமா என்று கொக்கி கேட்டார்.

"வேணாம். அது இருக்கிற எடத்துலயே பாக்கணும். நான் போறேன்."

எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர் ஒருநாளும் அந்த ஏணியில் ஏறியதில்லை.

நடுவில் இருக்கும் ஒவ்வொரு தட்டிலும் நின்று நின்று ஏறினார். கேபினுக்குள் வந்தபோது அவர் முகத்தில் ரத்தமில்லை. மேலக்கா எழுந்து தன் இருக்கையைக் கொடுத்துவிட்டு, அருவிக் கருவிப் பெட்டி — மன்னிக்கவும், கை தடுமாறுகிறது, அவரோடு சேர்ந்து நானும் கீழே பார்த்துவிட்டேன் — கருவிப் பெட்டியின் மேல் உட்கார்ந்தாள்.

மேடம் பையை வாங்கினார். ஒவ்வொரு நாடாவையும் இழுத்துப் பார்த்தார். நகவெட்டியைப் பிடித்துத் தொங்கினார் என்றே சொல்லலாம், வரவில்லை. டப்பாவைக் குலுக்கினார். கடைசியில் பையின் வாயைக் கட்டித் தலைகீழாகப் பிடித்து உதறினார். ஒன்றும் விழவில்லை.

"அப்புறம் எப்படிங்க விழுந்துச்சு?"

"உருண்டை பைக்குள்ள இல்ல மேடம். வெளிய இருந்துச்சு. பையில கொறை இல்ல, எங்கிட்டதான்."

"கொக்கி எடுத்து ஒளிச்சிருப்பாரு. யாருக்கும் தெரிஞ்சிருக்காது. ஏன் சொன்னீங்க?"

 "நான் சொல்ற வார்த்தைய நம்பித்தான் மேடம் கீழ அத்தன பேர் நிக்கிறாங்க. இதுல ஒளிச்சேன்னு வைங்க, இன்னொரு நாள் தள்ளுங்கன்னு நான் கத்துறப்ப, நெசமாத்தான் சொல்றாளான்னு ஒரு நொடி யோசிப்பாங்க. அந்த ஒரு நொடி போதும்."

6

இந்தப் பகுதியை நான் எத்தனையோ தடவை எழுதிவிட்டேன். ஒவ்வொரு தடவையும் அவர்களை அதிகம் பேசவிட்டுக் கெடுத்தேன். நடந்தது இவ்வளவுதான்.

இறங்க வேண்டும். மேடத்தின் கைகள் நடுங்கிக்கொண்டிருந்தன. நடுங்கும் கையோடு ஏணியைப் பிடிக்க முடியாது என்பது அவருக்கே தெரியும், அதைத்தான் தினமும் மற்றவர்களுக்குச் சொல்கிறார்.

மேலக்காவின் காலடியில் இழுத்துப் போட்ட மஞ்சள் நூல் சிக்கலாகக் குவிந்திருந்தது.

"மேடம், ரெண்டு கையையும் கொஞ்சம் நீட்டுங்க. இப்படி, அகலமா."

"எதுக்கு?"

"இது தனி ஆளா பண்ற வேலை இல்ல."

அந்த இரண்டு கைகளுக்கும் நடுவே நூலைச் சுற்றத் தொடங்கினாள். சிக்கல் வந்தால் நிறுத்தி, இழுக்காமல், விரலால் நெகிழ்த்தி, மறுபடி சுற்றினாள். கையை ஆட்டினால் நூல் சரியும் என்பதால் மேடம் ஆட்டாமல் வைத்திருக்க முயன்றார். அவர் கவனமெல்லாம் நூலில். கைகளைச் சுற்றி வளையமாக ஒரு சிட்டம் முழுசாகச் சேர்ந்த பிறகு, அதன் நுனியை எடுத்து உருண்டையாகச் சுற்றினாள். நூல் கழலக் கழல மேடத்தின் கைகள் தாமாகவே இப்படியும் அப்படியும் சாய்ந்து கொடுத்தன. எப்போது நடுக்கம் நின்றது என்று இருவருக்கும் தெரியாது.

உருண்டை டப்பாவுக்குள் போனது. மூடி விழுந்தது.

"அந்த ஸ்வெட்டர்?" என்று கேட்டார் மேடம்.

மேலக்கா உறையிலிருந்து இழுத்துக் காட்டினாள். நடுவில் அகலமாக ஒரு பள்ளம் இறங்கியிருந்தது.

"அடடா, எல்லாம் போச்சே."

"அவரு எப்படியும் இன்னும் கொஞ்சம் பெருத்துடுவாரு. பிரிக்கத்தான் வேணும்."

மேடம் சிரித்தார். அந்தச் சிரிப்பு வாக்கி டாக்கியில் கேட்டதா என்று கொக்கியிடம் விசாரித்தேன். கேட்கவில்லையாம். ஆக, அது என் கையிருப்பாகவும் இருக்கலாம்.

7

தொப்பி மேடம் பத்திரமாக இறங்கினார். ஏணியடியில் எல்லோரும் நின்றார்கள். கான்கிரீட் போட்டவர்கள், கம்பி கட்டுபவர்கள், கொக்கி, அழையா விருந்தாளியாக நான். பை இனி மேலே போகலாமா கூடாதா என்று அவர் சொல்ல வேண்டும்.

மூன்று விதமாக எழுதி வைத்திருக்கிறேன்.

ஒன்றில், கூடாது என்கிறார். மறுநாள் மேலக்கா வெறுங்கையோடு ஏறுகிறாள். நெஞ்சில் பை இல்லாமல் ஏணி எளிதாகத்தான் இருக்கிறது. அவளுக்கு மேடத்தின் மேல் கோபமில்லை. எனக்கும் இல்லை, அதுதான் சங்கடம்.

இன்னொன்றில், கண்ணாடியை மூடி வைத்தால் சரி என்கிறார். எல்லோரும் கைதட்டுகிறார்கள். கைதட்டல் கேட்டதுமே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

மூன்றாவதில் மேடமே ஒரு ஜோடி ஊசி வாங்கிக்கொண்டு வந்து நிற்கிறார். இது பச்சைப் பொய். எழுதும்போது மட்டும் சுகமாக இருந்தது.

நிஜத்தில் அவர் சொன்னது என் காதில் விழவில்லை. சரியாக அந்த நேரம் பார்த்து ஒரு லாரி இரைந்துகொண்டே ரிவர்ஸில் வந்தது. பிறகு கொக்கி சொல்ல வாயெடுத்தார், நான்தான் கையமர்த்திவிட்டேன். தெரிந்துவிட்டால் இரண்டு பெண்களில் ஒருத்தியின் பக்கம் போய் நின்றுகொள்வேன். இருவரையும் ஒரே அளவு வியக்க எனக்குக் கிடைத்த இடம் இதுதான். இங்கிருந்து நகர மனமில்லை.

ஆகவே முடிவை உங்களிடம் தருகிறேன். மேடம் வாக்கி டாக்கியை வாயருகே கொண்டுபோய்ப் பொத்தானை அழுத்திவிட்டார். மேலே மேலக்கா, எது வந்தாலும் அதன்படி நடக்கத் தயாராக, காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

சொல்லுங்கள். கொஞ்சம் உரக்க. மேலே காற்று அதிகம்.