தையலுக்குள் விட்ட துணி

புற்றுநோய் வந்ததிலிருந்து தையற்காரர் தன் கால்சட்டை இடுப்பை மூன்று முறை பிடித்துத் தைத்துவிட்டார். ரத்தத்தில் ஆல்புமின் புரதம் குறைவு, அது ஏறினால்தான் உடம்பு சிகிச்சையைத் தாங்கும் என்று டாக்டர் சொன்னதும், மனைவி வேளைக்கு இரண்டு முட்டை வைத்தாள்.

"இப்படியே போனா நான் சேவலாட்டம் கூவப் போறேன்டி!" உடம்பு இளைத்தாலும் வாய் இளைக்கவில்லை. ஆனாலும் மனுஷன் உள்ளுக்குள் நம்பிக்கையை விட்டுவிட்டார் என்றே அவள் பயந்தாள்.

இன்று ரிப்போர்ட்டில் ஆல்புமின் ஏறியிருந்தது. "அடுத்த வாரமே ஆரம்பிச்சிடலாம்" என்றார் டாக்டர்.

வீட்டுக்கு வந்ததும் தையற்காரர் இறுக்கிப் பிடித்த கால்சட்டையின் தையலைப் பிரித்தார். உள்ளே மடித்த துணி முழுசாக இருந்தது.

"இத வெட்டவே இல்லியா நீங்க?"

"வெட்டுவேனா? இந்த வாடிக்கைக்காரர் திரும்பச் சதை போடுவார்னு எனக்குத் தெரியும்டி."